வானத்தில் நிற்கக் கூடாத எஞ்சின்

பறந்துகொண்டிருக்கும் செஸ்னா 172 விமானத்தில் மின்சாரம் முழுவதுமாகப் போய்விட்டால் என்ன ஆகும்? ரேடியோ பேசாது. விளக்குகள் எரியாது. எரிபொருள் அளவைக் காட்டும் முள் பூஜ்யத்தில் விழுந்து கிடக்கும். எஞ்சின் மட்டும் ஒரு சுற்றும் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி செத்தாலும் சரி, ஆல்டர்னேட்டர் எரிந்துபோனாலும் சரி, அது நிற்காது. பயிற்சி விமானங்களைப் பராமரிக்கும் பொறியாளர் நான். ஹேங்கருக்குப் புதிதாக வரும் பைலட் மாணவர்களிடம் இந்தச் செய்தியிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.

அவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கௌலிங் என்று நாங்கள் சொல்லும் மூக்கு மூடியைக் கழற்றியதும் உள்ளே தெரிவது, அவர்கள் வீட்டுக் காரில் இருப்பதைவிடப் பழைய எஞ்சின். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் லைகமிங் நிறுவனம் செய்யும் ஓ-320 அது. 1950களில் பிறந்த வகை. வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு என நான்கு சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும். கொள்ளளவு 5.2 லிட்டர். திறன் 160 குதிரை.

“மேடம், இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு வெறும் நூத்தி அறுபதுதானா? எங்க வீட்டு கார் ஒன்னு புள்ளி ரெண்டு லிட்டர்தான், அதுவே எண்பதுக்கு மேல குடுக்குது” என்று யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார்.

நியாயமான கேள்வி. லிட்டர் கணக்கில் பார்த்தால் அந்தக் கார் எஞ்சின் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் உழைக்கிறது. ஆனால் ஓ-320ஐ வடிவமைத்தவர்கள் எவ்வளவு குதிரை என்பதை முதலில் கேட்கவில்லை. இந்த எஞ்சின் என்னென்ன வழிகளில் நின்றுபோகும் என்று கேட்டார்கள். இதில் விசித்திரமாகத் தோன்றும் ஒவ்வொன்றும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்.

அடிப்படையில் நடப்பது நம் பெட்ரோல் ஸ்கூட்டரில் நடப்பதுதான். பிஸ்டன் கிராங்க் ஷாஃப்ட் பக்கமாக இழுபடும்போது உள்வால்வு திறந்து, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் வருகிறது. பிஸ்டன் திரும்பிப் போகையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்க, கலவை நசுங்குகிறது. பொறி தட்டுகிறது. எரிந்து விரியும் வாயு பிஸ்டனைத் தள்ள, கனெக்டிங் ராடு அந்தத் தள்ளலைச் சுழற்சியாக மாற்றுகிறது. கடைசியாக வெளிவால்வு திறந்து, எரிந்த வாயு வெளியே போகிறது. இந்த நான்கு வேலையும் முடிவதற்குள் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றியிருக்கும். முழு வேகம் நிமிடத்துக்கு 2,700 சுற்று. அப்போது ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 1,350 முறை எரிகிறது. நான்கும் சேர்ந்தால் நொடிக்கு 90 முறை.

கார் எஞ்சின் 6,000 சுற்றுக்குப் போகிறதே, இதை மட்டும் ஏன் 2,700இல் நிறுத்த வேண்டும்? புரொப்பெல்லர்தான் காரணம். இந்த விமானத்தில் அது நேரடியாகக் கிராங்க் ஷாஃப்டில் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் விட்டம் 75 அங்குலம், அதாவது 1.9 மீட்டர். 2,700 சுற்றில் அதன் முனை நொடிக்குச் சுமார் 270 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். 3,500 சுற்றுக்குக் கொண்டுபோனால் முனை அந்த வேகத்தைத் தாண்டிவிடும். அதிர்வலை எழும், காதைப் பிளக்கும் சத்தம் வரும், இழுவிசை விழுந்துவிடும். ஆகவே எஞ்சின் மெதுவாகச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றியும் போதிய திறன் வேண்டுமானால், ஒவ்வொரு எரிதலும் பெரியதாக இருக்க வேண்டும். 5.2 லிட்டர் வந்த கதை இதுதான்.

இடையில் பற்சக்கரப் பெட்டி வைத்து வேகத்தைக் குறைக்கலாம். ரைட் சகோதரர்களின் விமானத்திலேயே எஞ்சினுக்கும் புரொப்பெல்லர்களுக்கும் நடுவே சங்கிலிகள் இருந்தன. அந்த எஞ்சினைச் செய்தவர் அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர். விமானத்துக்கு ஏற்ற எடையில் எஞ்சின் தர எந்தத் தொழிற்சாலையும் முன்வராததால், அலுமினிய உடலோடு, ஏறத்தாழ 12 குதிரைத் திறனில், ஆறே வாரத்தில் கடையிலேயே செய்துமுடித்தார். 1903 டிசம்பர் 17 அன்று 12 நொடி, 120 அடி பறந்த அந்த முதல் பறப்பு அவர் கைவேலையின்மேல் நடந்தது. அமெரிக்காவில் அவர் பிறந்த நாளான மே 24ஐ விமானப் பராமரிப்பாளர்களின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பள்ளிப் பாடப் புத்தகங்களிலும் ரைட் சகோதரர்களுக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இன்றும் சிறு விமானங்களில் ஓடும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் 5,800 சுற்று சுற்றி, பற்சக்கரப் பெட்டி வழியாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, நல்ல எஞ்சின். லைகமிங் அந்தப் பெட்டியே வேண்டாம் என்று விட்டது. இல்லாத பாகம் உடையாது.

இன்னொன்றும் உண்டு. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் காருக்கு எஞ்சினின் திறனில் கால் பங்குகூடத் தேவைப்படாது. விமானமோ முழுத் திறனில் ஏறி, அதன்பின் 65 முதல் 75 சதவீதத்தில் மணிக்கணக்காகப் போகிறது. அப்படி 2,000 மணி நேரம் ஓடிய பிறகுதான் இந்த எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துப் புதுப்பிப்போம். மணிக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்தாலும் அது 4 லட்சம் கிலோமீட்டர்.

எரிதலுக்கு வருகிறேன். சிலிண்டருக்குள் நடப்பதை வெடிப்பு என்று பலரும் சொல்கிறார்கள். அங்கே வெடிக்கக் கூடாது, எரிய வேண்டும். தீ ஒரு முனையிலிருந்து பரவ நேரம் எடுப்பதால்தான், பிஸ்டன் உச்சிக்கு வர 25 பாகை இருக்கும்போதே பொறி தட்டுகிறோம். பிஸ்டன் உச்சியைத் தாண்டும் நேரத்தில் அழுத்தம் முழுதாகத் திரண்டிருக்கும். ஓ-320 சிலிண்டரின் விட்டம் 13 சென்டிமீட்டர். அவ்வளவு அகலத்துக்கும் ஒரே பிளக்கிலிருந்து தீ பரவ வேண்டுமானால் தாமதமாகும். ஆகவே சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். இரண்டு பக்கமிருந்தும் தீ வந்து நடுவில் சேர்கிறது. ஒன்று போனாலும் மற்றொன்று வேலை செய்யும்.

புறப்படும் முன் பயிற்சி விமானம் ஓடுபாதை ஓரமாக நின்று உறுமுவதைக் கேட்டிருந்தால், அங்கே நடப்பது இந்தப் பிளக்குகளின் சோதனைதான். எஞ்சினை 1,700 சுற்றில் வைத்து, சாவியைத் திருப்பி, ஒரு தொகுதிப் பிளக்குகளை மட்டும் எரியவிடுவார்கள். சுற்று கொஞ்சம் குறையும். 125க்கு மேல் குறைந்தால் விமானம் ஹேங்கருக்குத் திரும்ப வேண்டும். இரண்டு தொகுதிக்கும் இடையே 50க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் அப்படியே. கொஞ்சம்கூடக் குறையாவிட்டால்? “சூப்பர் எஞ்சின் மேடம், முள்ளு அசையவே இல்ல” என்று சந்தோஷமாக வந்து சொல்வார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்தச் செய்திதான்.

ஏனென்று புரிய மேக்னெட்டோவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிளக்குக்குப் பொறி தருவது அது. உள்ளே ஒரு நிலைக்காந்தம். எஞ்சினின் பின்புறப் பற்சக்கரங்கள் அதைச் சுழற்றுகின்றன. அந்தச் சுழற்சியில் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சரியான கணத்தில் ‘பாயின்ட்’ என்ற சிறு சுவிட்ச் திறக்க, அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எகிறிப் பிளக்கின் முனையில் பொறியாகத் தாவுகிறது. பேட்டரி தேவையில்லை, கம்ப்யூட்டர் தேவையில்லை. எஞ்சின் சுற்றும்வரை பொறி உண்டு. இப்படி இரண்டு மேக்னெட்டோக்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், ஆளுக்கு நான்கு பிளக்குகளைப் பார்த்துக்கொள்கின்றன.

மின்சாரத்தை நம்பிய எஞ்சினுக்கு என்ன நேரலாம் என்பதற்கு 2007இல் ஜெர்மனியின் ஷ்பையர் நகரில் நடந்தது ஒரு பாடம். அங்கே புறப்பட்ட டயமண்ட் டிஏ-42 விமானத்தில் இரண்டு டீசல் எஞ்சின்கள்; இரண்டையும் ஆண்டவை கம்ப்யூட்டர்கள். பேட்டரி தீர்ந்திருந்ததால் வெளி மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்திருந்தார்கள். மேலெழுந்ததும் சக்கரங்களை உள்ளிழுக்க, அந்த மோட்டார் இழுத்த மின்சாரத்தில் வோல்ட்டேஜ் சரிந்தது. கம்ப்யூட்டர்கள் மயங்கின. இரண்டு எஞ்சின்களும் ஒரே நேரத்தில் நின்றன. அதன்பின் அந்த வகை எஞ்சின்களின் கம்ப்யூட்டர்களுக்குத் தனி மாற்றுப் பேட்டரிகள் வைக்கப்பட்டன. கம்ப்யூட்டர் எஞ்சின்களுக்கு நான் எதிரியல்ல. அவை எரிபொருளை மிச்சம் பிடிக்கின்றன. பைலட்டின் சுமையையும் குறைக்கின்றன. ஆனாலும் சுழலும் ஒரு காந்தத்துக்கு இணையான நம்பிக்கையை அவற்றுக்குத் தர எத்தனை அடுக்குக் காப்பு தேவைப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மேக்னெட்டோவை அணைப்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மற்ற மின்கருவிகளில் அணைத்தால் பாதை துண்டிக்கப்படும். இங்கே நேர்மாறு. சாவியை அணைக்கும்போது ஒரு கம்பி மேக்னெட்டோவை விமானத்தின் உடலோடு இணைத்து, அதன் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் திருப்பிவிடுகிறது. அந்தக் கம்பி அறுந்துவிட்டால் சாவி ‘ஆஃப்’ என்று காட்டும். மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். சோதனையில் சுற்று குறையவில்லை என்றால், அணைத்த மேக்னெட்டோ அணையவே இல்லை என்று சந்தேகப்பட வேண்டும். மெதுவாகச் சுற்றும்போதும் பொறி பலமாக வருவதற்காக மேக்னெட்டோவில் ஒரு சுருள்வில் இணைப்பு வைத்திருக்கிறார்கள். காந்தத்தைப் பிடித்துவைத்துச் சட்டென்று விடும். புரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் ‘டக்’ என்று கேட்பது அதுதான். கையால் திருப்பும் வேகத்துக்கே பொறி வரும் என்பது அதன் அர்த்தம். சிலிண்டரில் மிச்சக் கலவை கொஞ்சம் இருந்தால் போதும், புரொப்பெல்லர் ஒரு வீச்சு வீசும். எதிரே நிற்பவரின் கை போகும், உயிரும் போகலாம். சாவி யாருடைய பையில் இருந்தாலும், புரொப்பெல்லர் எந்த நொடியும் சுழலும் என்று நினைத்துத்தான் அதன் அருகே போக வேண்டும். என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லித்தருவதற்கு முன் இதைச் சொல்லித்தருகிறேன்.

எஞ்சினை நாங்கள் சாவியால் நிறுத்தாததற்கும் இதே காரணம். காக்பிட்டில் சிவப்பாக ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் எரிபொருள் அடைபடும். சிலிண்டர்களில் இருப்பது எரிந்து தீர்ந்ததும் எஞ்சின் ஓயும். பல மாணவர்கள் அந்தக் குமிழுக்கு இது ஒன்றுதான் வேலை என்று நினைத்து, பறக்கும்போது அதன் பக்கமே கையைக் கொண்டுபோவதில்லை. அதன் முதன்மையான வேலை வேறு.

பெட்ரோல் சரியாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். 8,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்றில் பெட்ரோலைக் கலந்துவிடும் கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்காது. குறைக்காவிட்டால் கலவையில் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் தடுமாறும், பிளக்குகளில் கரி படியும். காரில் சென்சாரும் கம்ப்யூட்டரும் செய்யும் இந்தத் திருத்தத்தை இங்கே பைலட்டின் விரல்கள் செய்ய வேண்டும்: குமிழை மெல்ல மெல்ல இழுத்து, சுற்று ஏறி, பிறகு எஞ்சின் முரடாகத் தொடங்கும் இடத்தைக் கண்டு, சற்றே உள்ளே தள்ள வேண்டும். தரைக்கு அருகே முழுத் திறனில் ஏறும்போது மட்டும் முழுவதும் உள்ளேயே இருக்க வேண்டும். அப்போது மிகையாகப் போகும் பெட்ரோல் சிலிண்டரைக் குளிர்விக்கிறது. அது இல்லாவிட்டால், எரிய வேண்டிய கலவை உண்மையிலேயே வெடித்து, பிஸ்டனின் தலையைத் தின்றுவிடும். எந்த மாணவர் சிவப்புக் குமிழைத் தொடுவதே இல்லை என்பது பிளக்குகளைக் கழற்றும்போது எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த விரோதி பனிக்கட்டி. நம் ஊர் வெயிலில் எஞ்சினுக்குள் ஐஸ் பிடிக்கும் என்றால் யாரும் நம்புவதில்லை. மண்பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறதல்லவா, கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போதும் அதுவே நடக்கிறது. குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுத்து விரிவதும் சேர்ந்துகொள்ள, வெப்பம் 20 பாகைக்கு மேலும் இறங்கிவிடும். கடலோர ஊரில் மழைக்கால மாலை, காற்றெல்லாம் ஈரம். அந்த ஈரம் கார்புரேட்டரின் கழுத்தில் பனியாக ஒட்டி வழியை அடைக்கும். வெளியே 30 பாகைக்கு மேல் வெயில் இருக்கும்போதும் இது நேரலாம். இறங்குவதற்காகத் திறனைக் கட்டுப்படுத்தும் திராட்டிலைக் குறைத்திருக்கும்போது இந்த ஆபத்து அதிகம். வழி ஏற்கெனவே சிறுத்திருக்கும், சுற்று குறைவது கவனத்துக்கும் வராது.

இதற்கு மருந்து, புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பும் ஒரு குமிழ். இழுத்ததும் சுற்று இன்னும் குறையும்; உருகிய நீர் உள்ளே போவதால் எஞ்சின் இருமும், உலுக்கும். பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிடத் தோன்றும். தள்ளக் கூடாது. பனி தீர்ந்ததும் சுற்று தானாக ஏறும்.

கார்புரேட்டர் கதையில் இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. 1940இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களில் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின்: 12 சிலிண்டர், 27 லிட்டர். எதிரியைத் துரத்திச் சட்டென்று மூக்கைக் கீழே தள்ளினால், கார்புரேட்டரின் மிதவைத் தொட்டிக்குள் பெட்ரோல் மேல்நோக்கி எழும்பி, எஞ்சின் முதலில் பட்டினி கிடக்கும், பிறகு மூழ்கித் திணறும். பெட்ரோலை நேரடியாகப் பீய்ச்சும் ஜெர்மன் விமானங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், அளந்து துளையிட்ட ஒரு சிறு உலோக வளையத்தை எரிபொருள் வழியில் வைத்தார். முழுத் திறனுக்குத் தேவையான பெட்ரோல் போகும், எஞ்சினை மூழ்கடிக்கும் அளவுக்குப் போகாது. 1941இல் அவரும் அவர் குழுவும் தளம் தளமாகப் போய் அதைப் பொருத்தினார்கள். அதற்காக விமானங்களைச் சேவையிலிருந்து விலக்க வேண்டியிருக்கவில்லை. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டிப் பதக்கம் வாங்கியவர் அவர். எண்ணெய்க் கையோடு வேலை செய்யும் பெண்களைப் பார்த்து யாராவது புருவம் உயர்த்தினால், நான் அவருடைய கதையைச் சொல்வேன்.

ஓ-320இல் ரேடியேட்டர் கிடையாது. காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. தண்ணீர் இல்லாததால் ஒழுகவும் எதுவும் இல்லை. எஃகுச் சிலிண்டரிலும் அலுமினியத் தலையிலும் மெல்லிய தகடுகள் வரிவரியாக இருக்கும். முன்னால் நுழையும் காற்றை உலோகத் தடுப்புகளும் ரப்பர் பட்டைகளும் மடக்கி, சிலிண்டர்களுக்கு மேலிருந்து கீழாக இறக்குகின்றன. அந்த ரப்பர் பட்டை ஓரிடத்தில் மடிந்திருந்தால் காற்று வேறு வழியில் தப்பிவிடும். ஒரு சிலிண்டர் மட்டும் வெந்துபோகும். தலையின் வெப்பம் 260 பாகையைத் தாண்டக் கூடாது. காற்றால் குளிரும் எஞ்சின் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலோடு ஓட்டி வந்த புஸ் மாத் விமானம், அதன்பின் விமானி நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்த தபால் விமானம், இரண்டுமே காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் ஜிப்ஸி எஞ்சினில்தான் பறந்தன.

என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது சிலிண்டரின் கசிவுச் சோதனை. பிளக்கைக் கழற்றிய துளை வழியாக 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, சிலிண்டர் எவ்வளவைத் தக்கவைக்கிறது என்று பார்ப்போம். எதிர்பாராமல் சுழன்றுவிடாதபடி ஒருவர் புரொப்பெல்லரை இறுகப் பிடித்திருப்பார். எல்லாச் சிலிண்டர்களும் ஒன்றுபோல் எழுபதுக்கு மேல் காட்டினால் நிம்மதி. அறுபதுக்குக் கீழே போனால் சிலிண்டரைக் கழற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். முள் எவ்வளவு என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. அதற்குக் காது வேண்டும். புகைக்குழாயில் ‘உஸ்’ என்று கேட்டால் வெளிவால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் உள்வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பாக விரித்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பதும் இதே போன்ற வேலைதான். எஞ்சின் நிற்பதற்கு வெகு நாள் முன்பே அது செய்தி அனுப்பத் தொடங்கிவிடுகிறது.

பிளக்குகளைக் கழற்றும்போது, கீழ்ப் பிளக்குகளில் சிறு சிறு மணிகளாக ஒரு சாம்பல் நிறப் பொருள் ஒட்டியிருக்கும். அது ஈயம். கார் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எப்போதோ அகற்றிவிட்டோம். பிஸ்டன் விமானங்களுக்கான 100 எல்எல் என்ற நீல நிற எரிபொருளில் இன்னும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். கலவை வெடிக்காமல் எரிய வேண்டும் என்றேனே, அதற்காகத்தான் ஈயச் சேர்மம் சேர்க்கிறார்கள். என் கணிப்பில் இந்த எஞ்சினின் மிகப் பெரிய குறை இதுதான். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஒரு நஞ்சைப் பயிற்சி விமானங்கள் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களின் மேல் தூவிக்கொண்டிருப்பதை எந்தப் பாதுகாப்புக் காரணமும் நெடுநாள் நியாயப்படுத்த முடியாது.

மாற்று வராமல் இல்லை. 2022இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பொறியால் எரியும் பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கு ஈயம் கலக்காத ஜி100யூஎல் எரிபொருளை அங்கீகரித்தது. 2030க்குள் ஈயத்தை ஒழிப்பது அந்நாட்டின் இலக்கு. அதே 2022இல் இந்தியாவிலும் ஒன்று நடந்தது: அதுவரை பீப்பாய்களில் இறக்குமதியான 100 எல்எல் எரிபொருளை இந்தியன் ஆயில் நிறுவனம் குஜராத்தின் வதோதரா சுத்திகரிப்பு ஆலையிலேயே தயாரிக்கத் தொடங்கியது. பயிற்சிப் பள்ளிகளுக்கு அது நல்ல செய்தி. அந்த ஆலை அடுத்து ஈயமில்லாத எரிபொருளைத் தயாரிக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் முதல் ஆட்களாகப் பயிற்சிப் பள்ளிகள் இருக்க வேண்டும். அதுவரைக்கும் பிளக் சுத்தம் செய்யும் மேசையில் கையுறை இல்லாமல் யாரையும் நான் உட்காரவிடுவதில்லை.